வலி போன வழி – 14: ஒரு காலுக்கு மட்டும்

சென்ற அத்தியாயத்தில், வியன்னாவின் கார்ல் கோலர் 1884-ல் கண்ணுக்குள் விட்ட கொக்கெய்ன் சொட்டு உலகத்தின் அறுவை மருத்துவத்தையே எப்படிப் புரட்டிப்போட்டது என்று பார்த்தோம். கண்ணில் ஆரம்பித்த அந்த மருந்து, பதினான்கே ஆண்டுகளில் முதுகெலும்புக்குள் போய்ச் சேர்ந்தது. போன இடம் ஜெர்மனியின் வடகரைத் துறைமுகமான கீல். நாள், 1898 ஆகஸ்ட் 16.

கீல் பல்கலைக்கழக அறுவை மருத்துவமனையில் அன்று மேசைக்கு வந்தவர் 34 வயதுத் தொழிலாளி. காசநோய் அவருடைய கணுக்கால் மூட்டை அரித்திருந்தது. முந்தைய அறுவைகளில் முழு மயக்கம் கொடுக்கப்பட்டு மிகவும் அவதிப்பட்டவர். இன்னொரு முறை குளோரோஃபார்மா என்று தயங்கிய நிலையில், ஆகஸ்ட் பியர் என்ற அறுவை நிபுணர் வேறு வழியில் போனார். நோயாளியின் இடுப்புப் பக்கம் முதுகில் ஊசியை இறக்கி, தண்டுவட நீர் சொட்டுவதைப் பார்த்தபின், 15 மில்லிகிராம் கொக்கெய்னை உள்ளே செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் கணுக்காலை வெட்டிச் சீர்செய்தார்கள். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருந்தார், வலிக்கவில்லை.

முதுகில் ஊசி இறக்கும் வித்தை பியருடையது அல்ல. அதே கீல் நகரத்தில் 1891-ல் ஹைன்ரிக் குவிங்க்கே, மூளையில் நீர் கோத்தவர்களுக்கு அழுத்தத்தைக் குறைக்க அந்த வழியைக் கண்டுபிடித்திருந்தார். நீரை வெளியே எடுத்த துளை வழியாகவே மருந்தை உள்ளே அனுப்பலாமே என்று துணிந்ததுதான் பியரின் பங்கு.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு முரண் முதல் நாளிலேயே இருக்கிறது. தொழிலாளிக்குக் கெட்டுப்போனது ஒரு கணுக்கால். மரத்துப்போனது இரண்டு காலும். மற்ற கால் செய்த பாவம் என்ன? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று.

சுத்தியலும் சுருட்டும்

ஆறு நோயாளிகளுக்குச் செய்து பார்த்த பியருக்கு, பின்விளைவுகள்தான் உறுத்தின. வாந்தி, முதுகுவலி, விடாத தலைவலி. இது மருந்தின் கோளாறா, ஊசியின் கோளாறா? தன் உடம்பிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆகஸ்ட் 24 மாலை, உதவியாளர் ஹில்டபிரான்ட் அவர் முதுகில் ஊசியை ஏற்றினார். ஊசி சரியாகத்தான் இறங்கியது. ஆனால் மருந்து வைத்திருந்த சிரிஞ்சின் முனை ஊசியோடு பொருந்தவில்லை. தண்டுவட நீர் தாராளமாக ஒழுகிப்போக, மருந்தும் பெரும்பகுதி வெளியே சிந்தியது. பரிசோதனை அத்தோடு நின்றது.

உடனே ஹில்டபிரான்ட் தன் முதுகைக் காட்டினார். இந்த முறை 5 மில்லிகிராம் கொக்கெய்ன் சரியாக இறங்கியது. அடுத்த முக்கால் மணி நேரம் பியர் தன் உதவியாளரின் கால்களைப் படுத்திய பாட்டை அவரே நிமிடக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். ஊசியால் குத்தினார், முடியைப் பிடுங்கினார், எரியும் சுருட்டை வைத்தார். இருபத்து மூன்றாம் நிமிடத்தில் கெண்டைக்கால் முன்னெலும்பில் இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். ஹில்டபிரான்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. உணர்வு திரும்பியதும் இருவரும் சாப்பிடப் போனார்கள். ஒயின் குடித்தார்கள், சுருட்டுப் பிடித்தார்கள்.

மறுநாளிலிருந்து வசூல் தொடங்கியது. எழுந்து உட்கார்ந்தாலே பியருக்குத் தலை பிளந்தது, படுத்தால் நின்றது. ஒன்பது நாள் இப்படி. ஹில்டபிரான்ட் இரவெல்லாம் வாந்தி எடுத்தார். அடிபட்ட இடமெல்லாம் கன்றியிருந்தது. தன் தலைவலிக்குக் காரணம் ஒழுகிப்போன தண்டுவட நீராக இருக்கலாம் என்று பியர் சரியாகவே ஊகித்தார். 1899-ல் எல்லாவற்றையும் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் இந்த அளவு தொல்லை இருக்கும்போது இதை மேலும் மனிதர்களிடம் செய்து பார்ப்பது நியாயமில்லை என்று ஒதுங்கினார். முறையை ஊரறியச் செய்தவர் பாரிஸின் தியோடோர் தூஃபியே.

பியர் இந்தத் துறையை விட்டுவிடவில்லை. பத்து ஆண்டு கழித்து, பெர்லினில், இறுக்குப்பட்டையால் ரத்த ஓட்டத்தை நிறுத்திய ஒரு கையில் அல்லது காலில் மட்டும் சிரை வழியே மருந்து செலுத்தி அந்த உறுப்பை மரக்க வைக்கும் முறையை 1908-ல் அறிவித்தார். இன்றும் அது அவர் பெயரால் நடக்கிறது. ஒரு உறுப்புக்கு ஒரு மரப்பு என்பது அவர் மனத்தில் இருந்த விஷயம்தான். முதுகெலும்பு வழியாக அதை அடையும் பாதையை வேறொருவர் திறந்தார்.

கண்ணாடி முதுகெலும்பு

அவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் ஆர்தர் பார்க்கர். அப்போது கொக்கெய்னின் இடத்தில் ஸ்டோவெய்ன் வந்துவிட்டது. பிரான்ஸில் ஃபூர்னோ 1904-ல் உருவாக்கிய மருந்து, நச்சு குறைவு. ஆனாலும் ஒரு தலைவலி தீரவில்லை. ஒருவருக்குக் கால் மட்டும் மரக்கிறது. அதே அளவு போட்ட இன்னொருவருக்கு மரப்பு மார்பு வரை ஏறி மூச்சுத் திணறுகிறது. உள்ளே போன மருந்து எங்கே போகிறது என்று யாருக்கும் நிச்சயமில்லை.

பார்க்கர் பார்த்துவிட நினைத்தார். முதுகெலும்பின் வளைவுகளை அப்படியே ஒத்த கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்து, திரவத்தால் நிரப்பி, நிறமேற்றிய கரைசலை ஊசி போடும் இடத்தில் விட்டுப் பார்த்தார். மல்லாந்து படுக்கும்போது இடுப்பு முதுகு மேடாகவும் நடுமுதுகு பள்ளமாகவும் இருக்கிறது. மேட்டில் விழுந்த கனமான கரைசல் ஒரு பக்கம் மார்புப் பள்ளத்துக்கும் மறுபக்கம் வால் எலும்புப் பக்கமும் வழிந்தது. அப்படியானால் மருந்தைத் தெரிந்தே கனமாக்கிவிட்டால், நோயாளியைச் சாய்க்கும் கோணத்தால் அதை நடத்தலாம். ஸ்டோவெய்னோடு 5 சதவீதம் குளுக்கோஸ் கலந்தார். நூறு நோயாளிகளின் அனுபவத்தை 1907-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

நன்னாரி சர்பத் போடுபவர் தம்ளரில் பாகை ஊற்றியதும் அது அடியில் போய்த் தங்குமே, கலக்கும்வரை அங்கேயே கிடக்குமே, பார்க்கரின் குளுக்கோஸ் செய்வது அதுதான். இன்றுவரை இந்த ஏற்பாடு மாறவில்லை. நம்மூர் ஆபரேஷன் தியேட்டர்களில் ‘ஹெவி’ என்று கேட்டால் எடுத்துத் தருகிற 4 மில்லி ஆம்பூலில், புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு மில்லிக்கு 80 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது. தண்டுவட நீரின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பது. இந்தக் கரைசல் அதைவிடச் சுமார் இரண்டு சதவீதம் கனம். அந்த இரண்டு சதவீதம் போதும்.

இதிலிருந்து ஒருபக்க மரப்புக்கு ஒரே ஒரு அடிதான். நோயாளியை மல்லாத்தாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தால், கனமான மருந்து கீழ்ப்பக்க நரம்பு வேர்களின் மேல் படியும்; மேல்பக்க வேர்கள் தெளிந்த நீரில் மிதக்கும். இடது வேருக்கும் வலது வேருக்கும் நடுவே இருக்கும் தூரம் 10 முதல் 15 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளி இருக்கிறது.

கணக்கு கையில் இருந்தும் ஏன் காரியம் நடக்கவில்லை? அன்றைய அறுவை நிபுணருக்கு வேண்டியது வயிறு. குடல், கருப்பை, குடலிறக்கம் என்று வயிற்றைத் தளர்வாகத் திறக்க உதவும் ஆழ்ந்த மரப்பைத்தான் அவர் தேடினார். மரப்பை எப்படி மேலே ஏற்றுவது, ஏற்றிய பின் எப்படி மூச்சுக்குக் கீழே நிறுத்துவது என்பதே அடுத்த நாற்பது ஆண்டுகளின் கவலை. அமெரிக்காவில் ஜார்ஜ் பிட்கின் 1920-களில் ஆல்கஹால் சேர்த்து இலேசான கரைசல் செய்தார். லண்டனில் ஹோவர்ட் ஜோன்ஸ் 1930-ல் நூபர்கெய்னை 1500-க்கு 1 என்று நீர்க்கவைத்து, தண்டுவட நீரைவிட இலேசாக்கினார். இலேசான மருந்து மேலே மிதக்கும் என்பதால், வலியைக் கடத்தும் பின்பக்க வேர்கள் மேலே வரும்படி நோயாளியைச் சிறிது நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். பாஸ்டனில் லிங்கன் சைஸ் 1935-ல் டெட்ரகெய்னோடு 10 சதவீதம் குளுக்கோஸ் கலந்தார். முன்பின்னாகவும் மேல்கீழாகவும் மருந்தை நடத்தக் கற்றுக்கொண்டவர்கள், இடம் வலம் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. வெட்டப்படாத காலும் சேர்ந்து மரத்தால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நோயாளி எப்படியும் பல நாள் படுக்கையில்தான்.

செஸ்டர்ஃபீல்டின் திங்கட்கிழமை

அதற்குள் ஒரு பேரிடி விழுந்தது. 1947 அக்டோபர் 13. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு மருத்துவமனை. அன்று ஒரே தியேட்டரில் இரண்டு தொழிலாளர்களுக்கு அறுவை. ஒருவருக்கு விரைவீக்கம், இன்னொருவருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. இரண்டும் சின்ன அறுவை. இருவருக்கும் முதுகில் போடப்பட்டது இலேசான நூபர்கெய்ன். ஒரே மயக்க மருந்து நிபுணர், ஒரே முறை. இருவரும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்து போனார்கள். முழங்கால் ஜவ்வுக்காக வந்தவர் அதற்கப்புறம் நடக்கவேயில்லை.

வழக்கு 1953-ல் விசாரணைக்கு வந்தது. கிருமிக்குப் பயந்து அங்கே மருந்து ஆம்பூல்களை ஃபீனால் கரைசலில் ஊறப்போட்டு வைப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஃபீனால் உள்ளே கசிந்து, மருந்தோடு சேர்ந்து தண்டுவடத்தை எரித்துவிட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டின் மயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் மக்கின்டாஷ் இந்த விரிசல் ஆபத்தை 1951-ல் தன் நூலில் எச்சரித்திருந்தார். ஆனால் சம்பவம் நடந்தது 1947-ல். அன்று யாருக்கும் தெரியாத ஆபத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது? 1954-ன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1947-ஐப் பார்க்கக் கூடாது என்ற பொருளில் டென்னிங் பிரபு மேல்முறையீட்டைத் தள்ளினார். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு இது. அந்த இரு தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை.

விரிசல் கதையை எல்லோரும் ஏற்கவில்லை. ஒரே நாளில், ஒரே தியேட்டரில், இரண்டு ஆம்பூலிலும் விரிசல் விழுமா? 1990-ல் ஹட்டர் என்ற மயக்கவியலாளர் ஆவணங்களை மறுபடி ஆராய்ந்து வேறு விளக்கம் தந்தார். ஊசி, சிரிஞ்சைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் உப்புப் படிவு நீக்கப் போட்ட அமிலம் கழுவப்படாமல் தங்கி, ஊசிகளோடு முதுகுக்குள் போயிருக்க வேண்டும் என்றார். இன்று பலரும் இதையே பொருத்தமாகக் கருதுகிறார்கள்.

காரணம் எதுவானால் என்ன, பிரிட்டனில் முதுகு ஊசியின் பேர் கெட்டது கெட்டதுதான். ஒரு தலைமுறை மயக்க மருந்து நிபுணர்கள் அதைத் தொடவே தயங்கினார்கள். அமெரிக்காவில் டிரிப்ஸும் வாண்டமும் 1954-ல் 10,098 முதுகு ஊசிகளைத் தொடர்ந்து கவனித்து, இந்த மாதிரியான நிரந்தரப் பெரும் பாதிப்பு எதுவும் இல்லை என்று வெளியிட்டார்கள். எண்கள் ஆறுதல் சொல்லின. ஆனாலும் பயம் கரைய இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஊசியும் துளையும்

இந்த இடைக்காலத்தில் மூன்று விஷயங்கள் சத்தமில்லாமல் நடந்தன. முதலாவது ஊசி. பழைய குவிங்க்கே ஊசி கத்திபோல் தண்டுவட உறையை அறுத்துக்கொண்டு போகும். அந்த ஓட்டை வழியே நீர் கசிந்து பியரைப் படுத்திய தலைவலி வரும். ஹார்ட், விட்டேக்கர் இருவரும் 1951-ல் பென்சில் முனை போன்ற ஊசியை அறிமுகம் செய்தார்கள். அது நார்களை விலக்கிக்கொண்டு நுழையும். துளை முனையில் இல்லை, பக்கவாட்டில். தலைவலியைக் குறைக்கச் செய்த இந்த ஏற்பாட்டுக்கு யாரும் எதிர்பார்க்காத இரண்டாவது பயன் பின்னால் வந்தது. துளையை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அந்தப் பக்கம் மருந்து போகும்.

இரண்டாவது, புபிவகெய்ன். சுவீடனில் 1957-ல் உருவாக்கப்பட்டு, அறுபதுகளில் முதுகுக்குள் போன மருந்து. மூன்றாவது, முழங்காலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆர்த்ராஸ்கோப்பி. டோக்கியோவில் மசாகி வாட்டனாபே 1962-ல் அதன் வழியாகவே கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தார். 1947-ல் முழங்காலைத் திறந்து செய்த அதே வேலை, இப்போது இரண்டு சிறு துளைகளில் முடிந்தது. காலையில் வந்தவர் மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

போகலாம், கால்கள் ஒத்துழைத்தால். மரத்துப்போன இரண்டு கால்களோடு யாரும் ஆஸ்பத்திரிப் படியிறங்க முடியாது. சிறுநீர் கழிக்க முடியாதவரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். பார்க்கரின் காலத்தில் யாருக்கும் நஷ்டமாகத் தெரியாத அந்த இன்னொரு கால், எண்பதுகளில் படுக்கைக் கணக்கில் வந்து நின்றது.

சீக்கிரம் தெளியும் லிக்னோகெய்ன் இருந்ததே, அதைப் போட்டிருக்கலாமே? போட்டார்கள். ஆனால் 1991-ல், நுண்குழாய் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தியதில் சிலருக்கு வால் நரம்புக் கொத்து பாதிக்கப்பட்ட செய்தி வந்தது. 1993-ல், ஒரே ஊசிக்குப் பிறகும் சிலருக்கு இடுப்பிலும் தொடையிலும் சில நாள் வலி தங்குவதாக அறிக்கை வந்தது. முதுகுக்குள் லிக்னோகெய்ன் போடக் கை தயங்கியது. மிச்சம் இருந்தது நீண்ட நேரம் வேலை செய்யும் புபிவகெய்ன். அதைச் சீக்கிரம் தெளிய வைக்க ஒரே வழி, அளவைக் குறைப்பது. குறைந்த அளவு இரண்டு காலுக்கும் பற்றாது. ஒரு காலின் வேர்களில் மட்டும் சேர்த்து நிறுத்தினால் போதும். தொண்ணூறு ஆண்டாகக் கிடப்பில் இருந்த பார்க்கரின் கணக்கு இப்படித்தான் தூசி தட்டப்பட்டது.

பதினைந்து நிமிடப் பொறுமை

இத்தாலியில் காசாட்டி, ஃபனெல்லி, போர்கி ஆகியோர் இதற்கென ஒரு ஆய்வுக் குழுவே அமைத்தார்கள். ஊசியின் வகை, செலுத்தும் வேகம், மருந்தின் அளவு, ஒருக்களித்துக் கிடக்கும் நேரம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தார்கள். முழங்கால் ஆர்த்ராஸ்கோப்பிக்கு வந்தவர்களிடம் 8 மில்லிகிராம் புபிவகெய்னைக் கொண்டு அவர்கள் செய்த ஒப்பீடு 2000-ல் வெளியானது. ஃபின்லாந்தில் வலன்னே, கொர்ஹோனன் குழு 2001-ல் 6 மில்லிகிராமையும் 4 மில்லிகிராமையும் ஒப்பிட்டு, முழங்கால் ஆர்த்ராஸ்கோப்பிக்கு 4 போதும் என்று காட்டியது. வழக்கமாகப் போடுவது 12 முதல் 15 மில்லிகிராம்.

செய்முறையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். வலது முழங்கால் என்றால் நோயாளி வலது பக்கமாக ஒருக்களிப்பார். முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்வார். முதுகெலும்பு ஏறாமல் இறங்காமல் சமமாகக் கிடக்கிறதா என்று நிபுணர் குனிந்து பார்ப்பார். மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி. நீர் துளிர்த்ததும் ஊசியின் துளையைத் தரைப் பக்கம் திருப்புவார். ஒன்றரை மில்லியை அவசரமில்லாமல், ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு செலுத்துவார். வேகமாகத் தள்ளினால் உள்ளே சுழல் எழுந்து மருந்து கலந்துவிடும், பாகு படியாது.

அப்புறம் காத்திருப்பு. பத்து, பதினைந்து நிமிடம் நோயாளி அசையக் கூடாது. முதலில் கீழ்க்கால் வெதுவெதுப்பாகிறது என்பார். பிறகு கனக்கிறது என்பார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வலது தொடையில் வைத்தால் குளிர்ச்சி தெரியாது. இடது தொடையில் சில்லென்று இருக்கும். இடது கட்டைவிரலை ஆட்டச் சொன்னால் ஆட்டுவார். கை கழுவித் தயாராக நிற்கும் அறுவை நிபுணர் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாததாலேயே இந்த முறை பல தியேட்டர்களில் நுழையவில்லை.

காத்திருந்தால் மட்டும் போதாது, அளவும் குறைந்திருக்க வேண்டும். டென்மார்க்கில் போவி குழுவினர் 1989-ல், வழக்கமான அளவு கன மருந்தைப் போட்டு நோயாளிகளை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மருந்து கீழேயே ஊறி நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பு. படுக்க வைத்ததும் மரப்பு மேலே ஏறியது. அளவு அதிகமானால் வேர்களில் ஒட்டியது போக மிச்சம் நீரில் சும்மா திரியும். புரண்டு படுத்ததும் அது இடம் மாறும். குறைந்த அளவிலும் முழுக்க ஒரு பக்கத்தோடு நிற்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சிலருக்கு மறுகாலும் ஓரளவு மரக்கும்.

வீடு திரும்பும் அவசரம் இல்லாதவர்களுக்கும் இதனால் பலன் உண்டு. முதுகு ஊசியின் பெரிய ஆபத்து ரத்த அழுத்தம் சரிவது. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் சேர்ந்து மரப்பதால் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால்களில் தேங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மரத்தால் மறுபக்கம் இறுக்கம் காத்து ஈடுகட்டும். இதயம் பலவீனமான முதியவருக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆனால் இடுப்பு ஒடிந்து வரும் பாட்டியை ஒடிந்த பக்கமாகவே படுங்கள் என்று சொல்ல முடியுமா? அங்கே ஹோவர்ட் ஜோன்ஸின் பாடம் கைகொடுக்கிறது. புபிவகெய்னை வடிநீரில் நீர்க்கவைத்து இலேசாக்கி, ஒடிந்த காலை மேலே வைத்துப் படுக்க வைத்தால் மருந்து மிதந்து மேல்பக்க வேர்களை நாடும்.

ஆக, ஒருபக்க மரப்புக்கு வேண்டிய பௌதிகம் 1907-லேயே தயார். பக்கத்துளை ஊசி 1951-ல் தயார். இரண்டையும் சேர்த்துக் கட்டியது, நோயாளி இன்றே எழுந்து நடக்க வேண்டும் என்று வந்த நெருக்கடி. மயக்கவியல் வரலாற்றில் புதிய மருந்துகளுக்கு நாம் கொடுக்கும் மரியாதையை, பழைய மருந்தைக் குறைத்துப் போடக் கற்றுக்கொண்டவர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

உரிய காலத்துக்கு முன்பே பிறந்த யோசனை இது ஒன்று மட்டுமல்ல. ஸ்பெயின் ராணுவத்தில் ஃபிடெல் பாகேஸ் என்ற அறுவை நிபுணர், தண்டுவட உறையைத் துளைக்காமல் அதற்கு வெளியே மருந்தை நிறுத்தும் வழியை 1921-ல் எழுதினார். ஸ்பானிய மொழியில் எழுதியதால் வெளியுலகம் படிக்கவில்லை. இரண்டே ஆண்டில் சாலை விபத்தில் இறந்துபோனார். 1931-ல் இத்தாலியின் டொக்லியோத்தி அதே முறையை அறிவித்தபோது உலகம் கைதட்டியது. பிரசவ அறை வரை வந்து சேர்ந்த அந்த எபிடியூரலின் கதை, அடுத்த இதழில்.

(தொடரும்)